பெயரும் கையும்

சுதேசி இயக்கம் நம் ஜனங்களுக்குக் கற்பித்த முதற்பாடம் ஒரு கேள்வியாகும். கடையில் ஒரு சாமானைக் கையில் எடுத்தால், "இது எந்தத் தேசத்தில் செய்தது?" என்று கேள் என்பதே அப்பாடம். இன்று அதற்கு விடை கூறுவது கஷ்டமன்று. இந்தியாவில் செய்யப்பட்டது என்னும் முத்திரையைப் பலவற்றின் மேலும் காண்கிறோம்; கண்டு பெருமையும் கொள்கிறோம். ஆயினும் அம்முத்திரைக்கு அடியில் இரண்டாவது கேள்வி ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. "இதை யார் செய்தது?" என்பதே அது.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கடலலையின் மேல் பலகையிட்டுச் சறுக்கும் விளையாட்டில் நம் மீனவ வாலிபர்கள் பெயர் பெற்று வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அவ்வலைப் பலகைகளின் வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முன்னாளில் கைதேர்ந்த வினைஞன் ஒருவன் நுரைக்கட்டையைத் தானே இழைத்து, அளவுகளைப் பென்சிலால் குறித்து, கீழே கையொப்பமிடுவான். அக்கையொப்பத்திற்கே விலை. இன்றோ பல பலகைகளை யந்திரமே பெரும்பாலும் செதுக்கிவிடுகிறது. மீதியைத் தேய்த்து முடிப்பவர் பெயர் தெரியாத கூலியாட்கள். தாய்லாந்தில் கோப்ரா என்னும் ஒரே தொழிற்சாலை வெவ்வேறு கம்பெனிகளின் பெயர்களுக்குப் பலகை செய்து அனுப்புகிறது. வாங்குகிறவன் ஒருவனுடைய பெயருக்குப் பணம் கொடுக்கிறான். வீட்டுக்குக் கொண்டு போவது வேறொருவனுடைய கைவேலையை.

இது கடற்கரை விளையாட்டுக்காரர்களின் வம்பு என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். கடற்கரையை விட்டு மேற்கே திரும்பி, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில் படப்பைக்கு வந்தால், இதே கதையைப் பன்மடங்கு பெரிதாகக் காணலாம். அச்சாலையில் மேலே சென்றால் ஒரகடத்து மோட்டார் ஆலைகள்; வடபுறம் பிரிந்தால் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் மின்சாதன ஆலைகள்; வாலாஜாபாத்தையும் கடந்தால் காஞ்சீபுரத்துத் தறிகள். உலகப் பிரசித்தி பெற்ற பெயர்கள் பல இவ்வட்டாரத்தில் உருவாகின்றன. அவற்றை உருவாக்குவோருக்கு மட்டும் பெயர் இல்லை.

முதலில் பட்டை எடுத்துக்கொள்வோம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாய் அமையும் கோர்வைப் புடவையை நெய்யத் தறியில் ஒருவர் போதாது. நெசவாளி ஒருபுறம் நாடாவைத் தள்ள, மறுபுறம் கரைக்கு உரிய நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகனாகவோ இருப்பார். கர்நாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் அவர்கள் கையில் நாட்கணக்காக உழன்று ஒரு புடவையாகின்றன. பிறகு அது பட்டணத்துக் கடைக்குச் சென்று, அக்கடையின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. 2005-ஆம் வருஷம் 'காஞ்சீபுரம் பட்டு' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. அதனால் ஊரின் பெயருக்குக் காவல் உண்டாயிற்று. நெய்தவனின் பெயருக்கு அந்தக் காவலும் இல்லை. இருபது வருஷம் பிறர் பெயருக்கு நெய்தவன் கிழவனாகித் தறியை விட்டு இறங்கும்போது, "இவை என் புடவைகள்" என்று காட்ட அவனிடம் ஒன்றுமில்லை. பெயரில்லாதவனுக்குப் பேரம் பேசும் பலமும் இல்லை. கூலியை நிர்ணயிப்பவர் எப்போதும் பிறரே. இது வெறும் கௌரவப் பிரச்னை அன்று என்பதை இங்கே காண்கிறோம்.

இனிக் கைப்பேசி. ஆப்பிள் கம்பெனியின் பெட்டியில் காணும் வாசகம், அது கலிபோர்னியாவில் ஆப்பிளால் வடிவமைக்கப்பட்டது என்றும், இன்ன தேசத்தில் பூட்டப்பட்டது என்றும் கூறுகிறது. வடிவமைத்தவருக்குப் பெயரும் உண்டு, ஊரும் உண்டு. பூட்டியவர்களுக்கோ ஒரு தேசத்தின் பெயர் மாத்திரமே. அத்தேசத்துக்குள்ளே தைவான் முதலாளிகளின் பாக்ஸ்கான் ஆலை. அவ்வாலைக்குள்ளே பல ஜில்லாக்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கிய ஆயிரக்கணக்கான இளம்பெண்கள்.

2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் கெட்ட உணவை உண்டு 150-க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. விடுதிகள் சிலவும் சாப்பாட்டு அறைகள் சிலவும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் கம்பெனியும் ஒப்புக்கொண்டு, ஆலையைச் சோதனைக்கால நிபந்தனையில் வைத்தது. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைத் தமிழ்நாடு சர்க்கார் ரூ. 706.50 கோடியில் கட்டித் திறந்தது. இதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் பெட்டியின் மேல் உள்ள பெயருக்கும் அடுப்படிக்கும் இடையே ஆலை, ஒப்பந்தக்காரர், விடுதிக்காரர் என்று எத்தனை கைகள்! அப்பெண்கள் நடுச்சாலையில் உட்கார்ந்த பின்னரே அப்பெயர் பதில் சொல்ல வந்தது.

இன்னும் வியப்பானது சுங்குவார்சத்திரத்துச் சம்பவம். அங்கே 2007 முதல் நடந்துவரும் சாம்சங் ஆலையில் குளிர்ப்பெட்டி, டெலிவிஷன், சலவை யந்திரம் ஆகியவை செய்யப்படுகின்றன. தொழிலாளர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, அதற்குச் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்று பெயரிட்டார்கள். தன் பெயரைச் சங்கம் தரிக்கலாகாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. வியாபாரச் சின்னச் சட்டத்தைக் காட்டி வாதித்தது. 2024 செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களுக்கு மேல் நீடித்தது. விவகாரம் ஹைகோர்ட்டுக்கும் சென்றது. முடிவில், 2025 ஜனவரி 27-ந் தேதி, அதே பெயருடன் சங்கம் பதிவாயிற்று. தினமும் ஆயிரம் பெட்டிகளின் மேல் ஒட்டலாம். தன் நெஞ்சின் மேல் மாத்திரம் ஒட்டிக்கொள்ளலாகாது என்றால், அந்தப் பெயர் யாருடைய உழைப்பால் பிரகாசிக்கிறது என்று கேட்கிறோம்.

இப்போராட்டம் சென்னைக்குப் புதிதன்று. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக ஸ்ரீ வாடியாவும் ஸ்ரீ திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய பின்னர், பின்னி முதலாளிகள் வாடியாவின் மீது வழக்குத் தொடுத்து ஹைகோர்ட்டில் தடையுத்தரவு வாங்கினார்கள். அந்த அநியாயம் தேசமெங்கும் எழுப்பிய கிளர்ச்சியின் பலன்களில் ஒன்று 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். சாம்சங் தொழிலாளரின் சங்கம் பதிவானதும் அச்சட்டத்தின் கீழேதான். முன்னோர் பட்ட பாடு வீண்போகவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. "பெயர் என்பது பொறுப்பு. சாமான் கெட்டால் பதில் சொல்லுகிறவர் பெயர்தானே அதன்மேல் இருக்க வேண்டும்? மூளையும் முதலும் இட்டவர் அவரல்லவா?" என்பர். இதில் நியாயம் உண்டு, நாம் மறுக்கவில்லை. எந்தக் கடைக்காரருடைய பெயரையும் அழிக்கும்படி நாம் கோரவில்லை. ஆனால் ஒரு பெயர் பொறுப்பை ஏற்பது வேறு. கைத்திறனுக்கு உரிமை கொண்டாடுவது வேறு. 'கைவேலை' என்று சொல்லி விலையை உயர்த்துகிறவர், அது எவருடைய கை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். நூலையோ சித்திரத்தையோ விற்றுவிட்ட பின்பும், அதை ஆக்கியவன் தன்னுடையது என்று உரிமை பாராட்டலாம் என்று 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு கூறுகிறது. எழுதுகிறவனுக்கு உள்ள இந்த உரிமை நெய்கிறவனுக்கு மாத்திரம் ஏன் இல்லை?

இது மேனாட்டாரிடம் இரவல் வாங்க வேண்டிய தர்மமும் அன்று. 1010-ஆம் வருஷம் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில், அரசன் பெயரோடு பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்களை, எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதோடு பொறித்து, ஆளுக்கு நூறு கலம் நெல் என்று ஊதியமும் வரைந்திருக்கிறார்கள். தையற்காரரும் கன்னாரும் நாவிதரும் கூட அக்கல்லில் உண்டு. அக்காலத்து வாழ்வெல்லாம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உளியால் கல்லில் வெட்டி ஆயிரம் வருஷத்துக்கு முன் செய்ய முடிந்ததை, அச்சு யந்திரமும் கம்ப்யூட்டரும் உள்ள இக்காலத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் செய்ய முடியாதா?

முடியும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம், நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட சீட்டைப் புடவையோடு வைத்து விற்றதுண்டு. அது சில புடவைகளோடு நில்லாமல், கூட்டுறவுச் சங்கங்களின் ஒவ்வொரு புடவைக்கும் விதியாக வேண்டும். தனியார் கடைகளும் பின்பற்ற வேண்டும். பெட்டிகளின் மேல் செய்தவர் பெயரும் விலாசமும் வேண்டும் என்று 2011-ஆம் வருஷத்து எடையளவு விதிகள் கேட்கின்றன. அவை கேட்பது கம்பெனியின் பெயரை மாத்திரமே. ஆலைத் தொழிலாளருக்குத் தனித்தனியே பெயர் பொறிப்பது சாத்தியமன்று என்பதை அறிவோம். அவர்களுக்குச் சங்கமே பெயர். அப்பெயரை மறுக்க எந்த முதலாளிக்கும் இடம் கொடுக்கலாகாது.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். முன்னே நம் பெரியோர் கடைவாசலில் நின்று, "எங்கே செய்தது?" என்று கேட்டார்கள், அதற்காகச் சிறையும் சென்றார்கள். நமக்கு வாய்த்த கேள்வி அத்தனை கடினமானதன்று. கல்யாணப் பட்டு வாங்கப் போகும்போது, "இதை நெய்தவர் யார்?" என்று உரக்கக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் விசாரித்துச் சொல்வார். பதினாயிரம் பேர் கேட்டால் சீட்டு எழுதித் தாமே வைப்பார்.