கோலம் இலக்கணமான கதை

"15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி." மார்கழி வந்தால் பத்திரிகைகளின் கோலப் பக்கத்தில் படத்துக்குக் கீழே இவ்வளவுதான் அச்சாகும். போடத் தெரிந்தவருக்கு இதற்குமேல் வேண்டாம். நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக விழுந்து, 8 வந்ததும் நின்றுவிடும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். வெளி உருவம், பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட அறுகோணம். அந்தச் சிறு குறிப்புக்குள் ஓர் அறுகோணமே அடங்கியிருக்கிறது.

திருப்பதியிலும் சித்தூரிலும் இதே குறிப்பு தெலுங்கில் வரும். புள்ளிக்குச் 'சுக்க', ஊடு புள்ளிக்குச் 'சந்து சுக்க', நம் சிக்குக் கோலத்துக்கு 'மெலிக முக்கு'. எண்கள் மட்டும் மாறுவதில்லை. ('முக்கு' என்பதில் ககரத்தை மெலிதாக ஒலிக்க வேண்டும்; அழுத்திச் சொன்னால் தெலுங்கில் அது மூக்கு.) நகரி, குப்பம் பக்கம் இரண்டு மொழியும் புழங்கும் வீடுகளில் இரண்டு பெயரும் புழங்கும். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து உண்டாக்கிய மாவட்டம் சித்தூர். 1960இல் திருத்தணி அதிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எந்த வாசலில் இருப்பது கோலம், எந்த வாசலில் இருப்பது முக்கு என்று இந்த எல்லைகளை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனால் கணினிப் பட அறிவியலின் கலைச்சொல்லாக ஆனது இந்த இரண்டில் ஒன்றுதான். இன்று இத்தாலியிலோ செக் நாட்டிலோ படங்களின் இலக்கணத்தை ஆராய்பவர் 'கோலம் இலக்கணம்' என்று எழுதுகிறார். ஆங்கிலக் கட்டுரைக்குள்ளும் அந்தச் சொல் கோலமாகவே நிற்கிறது. காரணம் தாம்பரத்தில் இருக்கிறது.

1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர், தம் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்தில் 176 கட்டம், உயரத்தில் 176 கட்டம். ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை. இந்தக் கட்டங்களுக்குப் 'பிக்சல்' என்ற பெயர் அச்சில் வந்தது 1965இல்தான். அதற்குள் கிர்ஷ் வேறொரு கேள்விக்குப் போயிருந்தார். நோம் சாம்ஸ்கி வாக்கியங்களுக்கு விதி எழுதிக் காட்டியதுபோலப் படங்களுக்கும் இலக்கண விதி எழுத முடியுமா? 1964இல் அவர் இதைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த நம் நாட்டுக் கணினியியலாளர் ஆர். நரசிம்மன், துகள் இயற்பியல் சோதனைகளில் குமிழி அறையில் பதியும் தடங்களை இலக்கணத்தால் விவரிக்க முயன்றுகொண்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாக்கியம் ஒரே திசையில் ஓடுவது. 'எழுவாய்' என்ற இடத்தில் 'பக்கத்து வீட்டுச் சின்னப் பையன்' என்று நான்கு சொற்களை வைத்தாலும் மற்றவை நகர்ந்து இடம் கொடுக்கும். படத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கட்டங்களை வைத்தால் அந்த வரிசை மட்டும் நீண்டு மற்ற வரிசைகள் குட்டையாக நிற்கும்; செவ்வகம் கலைந்து போகும்.

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், அங்கேயே கணிதம் கற்பித்த அவர் மனைவி ராணி சிரோமணியும், ஆய்வாளர் கமலா கிருத்திவாசனும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். முதலில் வழக்கமான விதிகளால் மேல்வரிசையை மட்டும் இடமிருந்து வலமாக உண்டாக்கு. பிறகு அந்த வரிசையின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் ஒரு நிரல் கீழ்நோக்கி வளரட்டும், ஆனால் எல்லா நிரலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு. நகரித் தறிகளில் முதலில் பாவை இழுத்துக் கட்டிவிட்டுத் துணியை முழு அகலத்துக்கும் ஒன்றாக வளர்ப்பது போன்ற ஏற்பாடு. செவ்வகம் கலையாது. 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசசிங்' ஆய்விதழ் தொடங்கிய 1972ஆம் ஆண்டிலேயே இது அதில் வெளியானது. 1974இல் அதே இதழில் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' வந்துவிட்டது. படத்துண்டுகளை அடுக்கி வளர்க்கும் விதிகளுக்கு அவர்கள் தேடிய எடுத்துக்காட்டுகள் தினமும் காலையில் தெருவெங்கும் கிடந்தன. இதே வேலை திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் நடந்திருந்தால் இன்று உலகம் 'முக்கு இலக்கணம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். கலைச்சொல்லுக்கு இப்படித்தான் ஊர் அமைகிறது.

கையின் போக்கைப் பிடிக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மயர் பாசி இழைகளின் வளர்ச்சியை எழுத்து விதிகளாக்கிக் காட்டியது 1968இல். கணினிப்பட வல்லுநர் புருசின்கியேவிச்சும் கமலா கிருத்திவாசனும் இம்முறையில் கோலங்களை வரைவது பற்றி 1989இல் எழுதினார்கள். 'கிருஷ்ணன் கொலுசு' என்ற கோலத்துக்கு ஒரே ஒரு விதி போதும். ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம், 'அ' என்று வைப்போம். எங்கெல்லாம் 'அ' இருக்கிறதோ அங்கெல்லாம் இதை எழுது: அ, ஓரடி முன்னே, அ, செங்கோணத் திருப்பம், அ, ஓரடி முன்னே, அ. நடுவில் ஒரு திருப்பத்தோடு இரண்டு 'அ'வில் தொடங்கினால் முதல் சுற்றில் 4 அடியில் ஒரு சதுரம் மூடும். அடுத்த சுற்றில் 20 அடி, அதற்கடுத்து 84. ஒவ்வொரு முறையும் கோடு எங்கும் அறாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். முனைகளை வளைத்துவிட்டால் கொலுசு.

என்னைக் கேட்டால் 'கோலம்' என்ற பெயர் இந்த விதிக்குத்தான் போயிருக்க வேண்டும். கையை எடுக்காமல் இழுப்பதும் வளைப்பதும் இதில்தான் இருக்கின்றன. பெயர் போனதோ வேறு பக்கம். 1990களில் ஜெர்மனியில் ஆலிவர் மாட்ஸ் பட இலக்கணம் ஒன்றை வகுத்தார். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம், உயரம் ஒத்திருந்தால். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டலாம், அகலம் ஒத்திருந்தால். இது சிரோமணி குழுவின் படத்துண்டுகளை அடுக்கும் இலக்கணத்தோடு ஒன்றாகிவிட, இரண்டுக்கும் சேர்த்துக் 'கோலம் இலக்கணம்' என்ற பெயர் நிலைத்தது. பிராகில் டேனியல் புருஷா, ஒரே விதியில் பல வரிசைகளையும் நிரல்களையும் சேர்த்து ஒட்ட இடம் கொடுத்து அதை விரிவாக்கினார். மிலன் நகரின் கிரெஸ்பி ரெகிட்சி குழு 2011 வாக்கில் இவை எல்லாவற்றையும் உள்ளடக்கும் பொது முறை ஒன்றைக் காட்டியது. ஒரு படம் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டதா என்று கணினி நியாயமான நேரத்துக்குள் சொல்லிவிடும் என்பதும் நிறுவப்பட்டது.

அந்தக் கட்டுரைகளில் சிக்குக் கோடு எதுவும் இல்லை. செவ்வகங்களும், அவற்றுக்குள் எழுத்துகளும்தான். வாசலைப் பார்த்திராத வாசகர், கோலம் என்றால் செவ்வகங்களை ஒட்டுவது என்றே நினைத்துக்கொள்ளக் கூடும். மலாய் பேசுபவருக்கு இன்னும் குழப்பம்: அம்மொழியில் 'கோலம்' என்றால் நீர்க்குளம், நம் 'குளம்' என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. தமிழிலோ கோலம் என்றால் அழகு, தோற்றம் என்பதெல்லாம் பழைய பொருள். திருமலையில் பெருமாள் நின்ற கோலத்தில் சேவை சாதிக்கிறார் என்று நாம் சொல்லும்போது அங்கே மாவும் இல்லை, புள்ளியும் இல்லை.