முதல் மணிக்கு முன்னே தொடங்கும் வேலை

காலை 7 மணி. பள்ளிக்கூட கேட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. சாவிக்கொத்தோடு நடந்து வருகிறார் அந்த அம்மா. கேட்டைத் திறந்ததும் நேரே மோட்டார் சுவிட்சைத்தான் போடுகிறார். தொட்டி நிறைந்தால்தான் மற்ற வேலை நடக்கும். கரண்ட் இல்லாவிட்டால் அன்று முழுக்கக் குடத்தோடுதான் அலைய வேண்டும்.

நம் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ஒரு நாள் முழுவதும் அவரோடு இருந்தோம். பிள்ளைகள் வருவதற்குள் வகுப்பறை, வராண்டா, கழிப்பறை எல்லாம் முடிய வேண்டும். குழாயடிப் பாசியைத் தேய்க்கிறார். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் ஆடுகிறது. கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்.

“தாழ்ப்பாள் சரியில்லேன்னா பொம்பளப் பிள்ளைங்க உள்ளே போகாதுங்க தம்பி. சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம உக்காந்திருக்கும்” என்றார்.

மதியம் கை கழுவும் இடத்தில் சோறு அடைத்துக்கொள்கிறது. மழைக்காலம் என்றால் மாடியில் ஏறி இலைதழைகளை அள்ள வேண்டும். மாலையில் ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைத்து, கடைசியாகப் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறவரும் அவரே.

பெரிய தனியார் பள்ளிகளில் இந்த வேலைகளைப் பார்த்துக்கொள்ள ‘ஃபெசிலிட்டி மேனேஜர்’ என்று ஒரு பதவி உண்டு. மேஜை, போன், உதவிக்கு ஆட்கள், மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. நம் கிராமத்தில் இதே பொறுப்புக்குப் பெயர் ‘கூட்டுற வேலை’. “எங்க மாமியா செஞ்சாங்க. அவங்களுக்கப்புறம் நான். காலனியிலேருந்துதானே ஆள் கூப்பிடுவாங்க?” என்று கேட்டார் அந்த அம்மா. நம்மிடம் பதில் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். வகுப்பில் அவர் உட்காரக் கோணிச்சாக்கு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோவார். பள்ளியைப் பெருக்கும் வேலையாள் அதைத் தொட மாட்டார். அதனால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளி ப்யூன் வந்து குழாயைத் திறந்தால்தான் குடிக்கத் தண்ணீர். பள்ளிப் பராமரிப்புக்குள் சாதி எப்படி நுழைகிறது என்பதை அந்தச் சாக்கே சொல்லிவிடும்.

இன்று அது வேறு வடிவில் வருகிறது. வேலைக்கு ஆள் வராத நாளில் துடைப்பம் யார் கைக்குப் போகிறது? 2022-இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக வந்த புகாரில், ஓர் அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். டெங்குக் காய்ச்சலில் படுத்த ஒரு சிறுவன் தாயிடம் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பள்ளியைச் சுத்தமாக வைத்திருக்க எல்லாப் பிள்ளைகளும் கைகொடுப்பது வேறு. நம் பிள்ளைகளை மட்டும் எழுப்பி அனுப்புவது வேறு. மாணவர்களே, உங்கள் வகுப்பில் அப்படி நடந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கு 1098, வன்கொடுமைப் புகாருக்கு 14566 ஆகிய எண்களை நோட்டில் எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கும் தரப்பட வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் ஆகியவை அதே சட்டம் சொல்லும் கட்டாயங்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டப் பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவாக வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்க வேண்டியவை இன்னும் உள்ளன. சம்பளம் மாதாமாதம் வருகிறதா? கையுறை, பூட்ஸ் கொடுத்தார்களா? பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்தால் விஷவாயு கிளம்பும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? செப்டிக் டேங்க் நிறைந்தால் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். லாரிதான் வர வேண்டும்.

இந்த வேலை இழிவானதல்ல. அது நின்றால் ஒரே நாளில் பள்ளிக்கூடம் நாறிவிடும். சாதி பார்த்து ஆள் பிடிப்பதும், அரைக் கூலி கொடுப்பதும்தான் இழிவு.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நாம் கட்டாயம் போவோம். பள்ளியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கதவு சாத்தவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்வோம்.