எத்தனை இஞ்ச் தண்ணி?

ஓசூரிலிருந்து தளி போகும் வழியில் ஒரு ரோஜாத் தோட்டம். ஓரத்தில் திருச்செங்கோட்டு ரிக் லாரி. குழியிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புழுதி பசுமைக்குடிலின் பாலித்தீன்மேல் மாவாகப் படிகிறது. புழுதி கறுத்து, சேறாகத் துப்பத் தொடங்கியதும் சுற்றி நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை அடி? எத்தனை இஞ்ச்?"

அந்தத் தண்ணீரை எடுக்காமல் விட்டிருந்தால் எங்கே போயிருக்கும்? இதை யாரும் கேட்பதில்லை. சார்லஸ் வெர்னான் தைஸ் கேட்டார். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறைக்காக நியூ மெக்சிகோவில் நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்.

மணலுக்குள் தண்ணீர் நகரும் விதியை 1856-லேயே பிரான்சின் ஹென்றி டார்சி வெளியிட்டுவிட்டார். ஆனால் மோட்டார் ஓட ஓட நீர்மட்டம் நேரத்தோடு எப்படி இறங்கும் என்பதற்குக் கணக்கு இல்லை. உலோகத்தில் சூடு பரவுவதுபோலத்தானே இதுவும் என்று தைஸுக்குத் தோன்றியது. கணித நண்பர் லூபினிடம் கேட்டார், சமன்பாடு கிடைத்தது. 1935-ல் கட்டுரை வந்தது. இதில் என் வேலை பெரிதல்ல என்று லூபின் பெயர் போடவே சம்மதிக்கவில்லையாம்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1940-ல் அவர் எழுதியதுதான். கிணறு புதிதாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. முதலில் சேமிப்பைத் தின்னும். பிறகு ஓடைக்கும் ஊற்றுக்கும் போகவேண்டியதைத் தின்னும், அல்லது எங்கிருந்தாவது கூடுதலாக இழுக்கும்.

தைஸின் கணக்கு எல்லையில்லாத, ஒரே சீரான மணற்படுகைக்கு. இங்கோ கருங்கல்லும் நைஸ் பாறையும். சேமிப்பில் பெரும்பகுதி மேலேயுள்ள சிதைந்த பாறையில். கீழே விரிசல்கள் மட்டும். அதனால் சமன்பாடு அப்படியே பொருந்தாது, கேள்வி பொருந்தும். ஆழத்தில் ஒரு விரிசலைத் தொட்டால், பல நேரம் அது மேலே இருக்கும் அடுத்தவர் தண்ணீரையே வடித்துக் கொடுக்கிறது. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் நின்று விரிசல் பர்மிட் காட்டுவதுமில்லை. எழுபதுகளில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஆலை, குடியிருப்பு, பூந்தோட்டம் என்று துளைகள் பெருகிக்கொண்டே போகின்றன.

ரிக் லாரிக்கு நாலு வயல் தள்ளி ஒரு பழைய கல் கிணறு. உள்சுவரில் நீர்மட்டம் நின்ற இடங்கள் வரி வரியாகத் தெரிகின்றன. கடைசி வரிக்குக் கீழே புறா கூடு கட்டியிருக்கிறது.