பீப்பாய்க் குளிர்ப்பெட்டியின் அறிவியல்

கலயத்தில் கள் நுரைத்து எழுவதும், அரைத்து வைத்த இட்டிலி மாவு இரவில் பொங்குவதும், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நீர் சீறி வழிவதும் ஒரே வாயுவின் செயல்களே. அதனைக் கரியமில வாயு என்பர். இவ்வாயுவை நீர்மத்தினுள் அடக்கி வைத்தலும், வேண்டும்போது வேண்டிய அளவே வெளிவிடுதலும் எளிய செயல்கள் அல்ல. அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லங்கள் பலவற்றில் காணப்படும் பீப்பாய்க் குளிர்ப்பெட்டி இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது. வாற்கோதுமையைப் புளிக்க வைத்துச் செய்யும் பீர் என்னும் மதுவைப் பீப்பாயோடு உள்ளே வைத்துக் குளிரச் செய்து, கதவிலோ மேற்புறத்திலோ பொருத்திய குழாய்வாய் வழியே கிண்ணத்தில் வார்க்கும் பெட்டி அது. கெக் என்பது சிறு பீப்பாய். ரெஃப்ரிஜரேட்டர் என்பது குளிர்ப்பெட்டி. முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டி, அந்நாட்டார் இதனைக் ‘கெகரேட்டர்’ என வழங்குவர்.

திருக்குறள் கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாகவே கூறுகிறது. அதனைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு மதுவார்க்கும் கருவியால் ஆவது யாது என வினவலாம். நுகர்தல் வேறு, அறிதல் வேறு. வெப்பம், அழுத்தம், தடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் முறைக்கு இக்கருவி நல்லதோர் எடுத்துக்காட்டு. அம்மூன்றின் சமநிலை பிறழ்ந்தால் கிண்ணத்தில் நுரையே மிஞ்சும். காவல் பிறழ்ந்தால் உயிருக்கே இடர் நேரும்.

சொல்லும் பொருளும்

பெருங்கலங்களைக் குறிக்கத் தாழி, மிடா, சாடி முதலிய சொற்கள் தமிழில் உள்ளன. பீப்பாய் என்பதோ போர்த்துகீசியரின் ‘பிப்பா’ என்னும் சொல்லினின்று வந்து தமிழில் நிலைத்தது. இன்றைய பீர்ப் பீப்பாய் மரத்தால் ஆனதன்று. துருப்பிடியாத எஃகினால் ஆன உருளை. தெளிந்த மதுவைத் தேறல் என்றனர் பண்டைத் தமிழர். தேறுதல் என்பது தெளிதல். கசடு கீழே படியத் தெளிவு மேலே நிற்கும் இயல்பை அச்சொல்லே காட்டுகிறது.

தோன்றிய வரலாறு

ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் 1767இல் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலையின் அருகே குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவை ஆராய்ந்து, அதனை நீரில் கரைக்கும் வழியைக் கண்டு, 1772இல் நூலாக வெளியிட்டார். இன்றைய சோடா நீருக்கு அதுவே தொடக்கம். மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் ஒரு விதியை வெளியிட்டார். மாறா வெப்பநிலையில், நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே ஹென்றி விதி.

குளிரூட்டும் பொறியின் வளர்ச்சியிலும் பீர் ஆலைகளுக்குப் பங்குண்டு. ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியையே ஆலைகள் நம்பியிருந்த காலத்தில், ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் கார்ல் வான் லிண்டே 1870களில் அவற்றுக்கெனக் குளிரூட்டும் பொறிகளை அமைத்தார். வீட்டில் நிற்கும் குளிர்ப்பெட்டியும் ஆவியை அழுத்திக் குளிரூட்டும் அதே நெறியில் இயங்குவதே.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. அது நீங்கிய பின்னும் வீட்டில் பீர் செய்தல் நாட்டுச் சட்டத்தால் ஏற்கப்படவில்லை. 1978இல் இயற்றப்பட்ட சட்டமே அதற்கு வழிவிட்டது. குளிர்பான வணிகத்தார் கைவிட்ட 5 காலன் எஃகுக் கலங்களை வீட்டில் பீர் செய்வோர் மலிவாக வாங்கினர். கார்னீலியஸ் கலம் எனப்படும் அவற்றாலும் இப்பெட்டி இல்லங்களில் பரவியது.

உறுப்புகள் ஐந்து

முதலாவது குளிர்ப்பெட்டி. இரண்டாவது பீப்பாய். மூன்றாவது கரியமில வாயு அடைத்த உருளை. நான்காவது அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர்; சமையல் எரிவாயு உருளையின் தலையில் உள்ளதற்கு இஃது உறவு. ஐந்தாவது குழாயும் குழாய்வாயும்.

பீப்பாயின் நடுவே ஒரு குழாய் அடிவரை இறங்கி நிற்கும். கப்ளர் என்னும் இணைப்பியை அதன் தலையில் பூட்டியதும் இரு வழிகள் திறக்கும். ஒன்றின் வழியே வாயு உள்ளே புகுந்து பீரின் மேற்பரப்பை அழுத்தும். மற்றதன் வழியே பீர் அடியிலிருந்து மேலேறும். பள்ளி ஆய்வுக்கூடத்துக் கழுவு புட்டியில் ஒரு குழாயை ஊத, மற்றொரு குழாயில் நீர் வெளிவருவதும் இம்முறையே. இணைப்பி எல்லா நாட்டிலும் ஒன்றன்று. அமெரிக்கப் பீப்பாய்களில் பெரும்பாலானவற்றுக்கு டி வகையும், ஐரோப்பியப் பீப்பாய்கள் பலவற்றுக்கு எஸ் வகையும் பொருந்தும்.

வெறுங்காற்றைக் கைப்பம்பினால் செலுத்தினாலும் பீர் வரும். விருந்துகளில் அவ்வாறு செய்வர். ஆனால் காற்றிலுள்ள உயிர்வளி பீரின் சுவையைக் கெடுக்கும். ஓரிரு நாளில் அப்பீப்பாய் பாழாகும். கரியமில வாயுவைப் பயன்படுத்தும் காரணம் இதுவே.

உருளையினுள் அவ்வாயு அழுத்தத்தால் நீர்மமாகி நிற்கும். 21 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 850 இறாத்தல். நீர்மம் ஒரு துளி எஞ்சியுள்ள வரையில் அளவுமானி அதே எண்ணைக் காட்டி, நீர்மம் தீர்ந்த பின்னரே விரைந்து இறங்கும். ஆகவே உருளையில் எவ்வளவு உள்ளது என்பதை மானியைப் பார்த்து அறிய இயலாது. நிறுத்தே அறிய வேண்டும். உருளையைக் குளிர்ப்பெட்டியின் உள்ளே வைத்தால் அழுத்தம் 550 இறாத்தல் அளவிற்குக் குறையும். வாயு கசிந்துவிட்டதெனப் புதியவர் அஞ்சுவர். அது குளிரின் விளைவேயன்றிக் கசிவன்று.

மூன்றின் சமநிலை

அமெரிக்கப் பீர் வகைகள் பலவற்றில், பீரின் கன அளவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கும். 3 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இவ்வளவு வாயுவைக் கரைந்த நிலையிலேயே நிறுத்த, சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 12 இறாத்தல் அழுத்தம் வேண்டும். அழுத்தம் இதனிற் குறைந்தால் வாயு சிறிது சிறிதாக வெளியேறிப் பீர் சப்பென்றாகும். மிகுந்தால் மேலும் வாயு கரைந்து நுரை பெருகும். வெப்பம் கூடினாலோ கரையும் அளவு குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழியாய்க் கிளம்பும்.

மானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவையே. மலைநாட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கடல் மட்டத்திற்கு 5,280 அடி உயரத்தில் உள்ள டென்வர் நகரத்தார் அதனை ஈடுசெய்ய ஏறத்தாழ இரண்டரை இறாத்தல் கூட்டி வைக்க வேண்டும்.

இனி, 12 இறாத்தல் அழுத்தத்தில் நிற்கும் பீரைக் குழாய்வாயில் அப்படியே திறந்துவிட்டால் அது பீறிட்டு நுரையாகும். அவ்வழுத்தம் வழியிலேயே தேய்ந்து, வாய்க்கு வரும்போது சிறிதளவே எஞ்ச வேண்டும். தேய்ப்பது குழாயின் தடை. அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு உள்விட்டமுள்ள நெகிழ்குழாய், அடி ஒன்றுக்கு 2 முதல் 3 இறாத்தலைத் தேய்க்கும் எனக் கொள்வர். பீர் ஓர் அடி மேலேற அரை இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 2 அடி ஏற்றத்திற்கு 1 இறாத்தலும், வாயில் எஞ்சுவதற்கு 1 இறாத்தலும் கழித்தால் மீதி 10. அடிக்கு 2 வீதம் தேய்ந்தால் 5 அடிக் குழாய் வேண்டும். தொடக்கத்தில் சற்று நீண்ட குழாயையே பொருத்துதல் நன்று. நீண்டதை வெட்டலாம், குறுகியதை நீட்ட இயலாது.

அமைக்கும் முறை

முதலில் பெட்டியின் உள்ளளவை எடுக்க வேண்டும். அரைப் பீப்பாய் எனப்படும் பெரிய கெக் ஏறத்தாழ 16 அங்குல விட்டமும் 23 அங்குல உயரமும் உடையது. இணைப்பிக்கு மேலும் சில அங்குலம் வேண்டும். நிறைந்த நிலையில் அதன் எடை ஏறத்தாழ 73 கிலோகிராம். கண்ணாடித் தட்டு அச்சுமையைத் தாங்காது. அடியில் உறுதியான பலகை இடுதல் வேண்டும்.

பழைய குளிர்ப்பெட்டியை மாற்றியமைப்போர் குழாய்வாய்க்குக் கதவில் துளையிடுவர். பக்கச் சுவர்களினுள் குளிர்நீர்மம் ஓடும் நுண்குழாய்கள் மறைந்திருக்கக்கூடும். அவற்றில் துளையிட்டால் பெட்டியே பயனற்றுப் போகும். உருளையை எப்பொழுதும் நிமிர்த்தி வைத்து, சாயாதபடி சங்கிலியால் கட்ட வேண்டும். சாய்ந்தால் நீர்மம் ரெகுலேட்டரில் புகும். இணைப்புகள் அனைத்தையும் முடுக்கிய பின் சவர்க்கார நீரைத் தடவிப் பார்க்க, கசியும் இடம் குமிழியால் வெளிப்படும்.

சுமந்து வந்த பீப்பாயை ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்துக் குளிரவிட்ட பின்னரே திறக்க வேண்டும். பெட்டிக்குள் உள்ள காற்று விரைவிற் குளிரும். பீர் அவ்வாறு குளிராது. ஆதலால் வெப்பமானியைக் கிண்ணத்து நீரில் இட்டுப் பார்த்தலே சரியான முறை.

நுரை மிகுந்தால்

முதற்கிண்ணம் மட்டும் நுரைத்து அடுத்தவை தெளிந்து வந்தால், பெட்டியின் மேல் நிற்கும் தூணினுள் தங்கிய பீர் வெப்பமுற்றது என அறியலாம். சிறு விசிறியால் உள்ளே உள்ள குளிர்காற்றைத் தூணுக்குள் ஏற்றினால் குறை தீரும். எல்லாக் கிண்ணங்களும் நுரைத்தால் பீரின் வெப்பம், அழுத்தம், குழாயின் நீளம் என்ற வரிசையில் ஆராய வேண்டும். குழாய்வாயைப் பாதி திறந்து வார்ப்பதும் நுரைக்குக் காரணமாகும். அதனை முழுதும் திறத்தலே முறை.

குழாயின் உட்புறத்தில் ஈஸ்ட்டும் நுண்ணுயிர்களும் படிந்து, பீர்க்கல் எனப்படும் சுண்ணாம்புச் சத்துடைய படிவும் சேரும். இரு வாரங்களுக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவி, நல்ல நீரால் அலசுதல் வேண்டும். அழுத்தம் உள்ள பீப்பாயின் நடுக்குழாயைக் கழற்ற முயல்வது உயிருக்கு இடராகும்; அழுத்தம் முற்றும் நீங்காமல் அதில் கைவைத்தல் கூடாது.

காணப்படாத இடர்

சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு அறியும். அதற்கென்றே அதில் மணம் சேர்க்கப்படுகிறது. கரியமில வாயுவிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ளதாதலின் தாழ்ந்த இடத்தில் தேங்கும். உயிர்வளியை விலக்குவதோடு அமையாது, தானே உடலுக்கு நஞ்சாகவும் செயற்படும்.

ஒரு கணக்கு இதனை விளக்கும். சிறிய உருளை ஒன்றில் 5 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2,270 கிராம் வாயு இருக்கும். 44 கிராமுக்கு ஏறத்தாழ 24.5 லிட்டர் எனக் கொண்டால், அறை வெப்பத்தில் அது 1,260 லிட்டராக விரியும். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கன அளவு 22,500 லிட்டர். மூடிய அவ்வறையில் உருளை முழுதும் கசிந்தால் வாயுவின் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டும். 4 விழுக்காட்டையே உயிருக்கு உடனடி இடர் தரும் அளவு என அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. ஆகவே காற்றோட்டமில்லாத நிலவறையிலும் படுக்கையறையிலும் இப்பெட்டியை நிறுத்துதல் தகாது. வாயுவை அளந்து ஒலியெழுப்பும் கருவியைத் தாழ்வாகப் பொருத்துதல் நலம். மயங்கி வீழ்ந்தவரைக் கண்டு பதறி உள்ளே நுழைபவரும் வீழ்வர் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

உடைமையின் கணக்கு

வாங்குவோர் பெட்டியின் விலையை எண்ணுவர். பீப்பாயின் கொள்ளளவை எண்ணுவோர் சிலரே. அரைப் பீப்பாயில் 15.5 அமெரிக்கக் காலன், அதாவது 1,984 அவுன்சு உள்ளது. 12 அவுன்சுக் கிண்ணத்தால் அளந்தால் 165 கிண்ணம். சூடேற்றிப் பதப்படுத்தாத பீர் குளிரில் 6 முதல் 8 வாரமே சுவை மாறாதிருக்கும். 8 வாரத்தில் முடிப்பதாயினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிண்ணம் ஆகிறது. விருந்தினர் வாராத வீட்டில் அது வீணாகும். அன்றேல், வீணாகக் கூடாதே என்னும் எண்ணத்தாலேயே குடி மிகும். இரண்டாவதே பெருங்கேடு. 5.16 காலன் கொள்ளும் சிறு பீப்பாயில் 55 கிண்ணமே உண்டு.

மதுவில் உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. பெட்டியின் அறிவியலுக்கோ மது இன்றியமையாததன்று. அதே உருளையையும் ரெகுலேட்டரையும் கலத்தையும் கொண்டு சோடா நீரையும் இஞ்சிப் பானத்தையும் வார்க்கலாம். வீட்டில் அவ்வாறு பயன்படுத்துவோரும் உளர். ஹென்றி விதி அங்கும் மாறாது நிற்கும். குழாயின் நீளக் கணக்கு, மூடிய அறையின் வாயுக் கணக்கு, பீப்பாயின் கிண்ணக் கணக்கு ஆகிய மூன்றையும் மாணவர்க்குக் கொடுத்தால் அவர்களே விடை காண்பர். மூன்றாம் கணக்கின் விடையைக் கண்ட மாணவனுக்குக் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பொருளும் இன்னும் சற்றுத் தெளிவாக விளங்கும்.