பேக்-மேன் வீட்டுக்கு வந்த கதை

பேக்-மேன் விளையாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறீர்களா? வானொலியில் வேலை செய்வதால் எனக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம். முதலில் நான்கு விநாடி இசை. அடுத்து, மஞ்சள் வாய் புள்ளிகளை விழுங்கும் அந்த ‘வக்கா வக்கா’. பின்னால் ஒரு சைரன் ஓடிக்கொண்டே இருக்கும். புள்ளிகள் குறையக் குறைய அதன் சுருதி ஏறும். திரையைப் பார்க்காமலேயே ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இப்போது 1982இல் அட்டாரி 2600 பெட்டிக்கு வந்த பேக்-மேனை அதே போல் கேட்டுப் பாருங்கள். தகரக் கதவை யாரோ விடாமல் தட்டுவது போல இருக்கும். இரண்டும் ஒரே விளையாட்டு என்று அட்டையைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்!

அசல் விளையாட்டு ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் பிறந்தது. வடிவமைத்தவர் டோரு இவாடானி. 1980 மே 22ஆம் தேதி டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. அந்தக் காலத்து ஆர்கேட் கடைகளில் சுடும் ஆட்டங்களே அதிகம். பெண்களும் ஜோடிகளும் வந்து விளையாடும்படி ஒன்று வேண்டும் என்று யோசித்த அவர், சாப்பிடுவதை மையமாக வைத்தார். அங்கே அதன் பெயர் ‘பக்-மேன்’. அமெரிக்காவுக்குப் போனபோது, குறும்புக்காரர்கள் முதல் எழுத்தைச் சுரண்டிக் கெட்ட வார்த்தையாக்கிவிடுவார்கள் என்று பயந்து ‘பேக்-மேன்’ ஆக்கினார்கள்.

புதிர்ப்பாதையில் 240 சிறு புள்ளிகள், 4 பெரிய உருண்டைகள். துரத்துவதற்கு நான்கு பேய்கள். இந்த விளையாட்டின் உயிரே அந்தப் பேய்களில்தான் இருக்கிறது என்பேன். சிவப்பு பிளிங்கி நேராக உங்கள் கட்டத்தைக் குறிவைத்து வரும். இளஞ்சிவப்பு பிங்கி உங்களுக்கு நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீல நிற இங்கியின் கணக்கு, நீங்கள் இருக்கும் இடத்தோடு பிளிங்கி எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் அதன் போக்கு பிடிபடாது. ஆரஞ்சு நிற கிளைட் தூரத்தில் இருக்கும்போது துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பிவிடும். வீரமும் பயமும் கலந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, அவர்தான்.

பேய்கள் துரத்துவது விதிப்படி என்பதால், ஒரே வழியில் ஒரே நேரத்தில் திரும்பினால் ஆட்டம் அப்படியே மறுபடி நடக்கும். கெட்டிக்காரர்கள் பாதைகளை மனப்பாடம் செய்தார்கள். பக்கவாட்டுச் சுரங்கத்தில் பேய்களின் வேகம் வெகுவாகக் குறையும் என்பதும், முனைகளில் பேக்-மேன் அவற்றைவிடச் சட்டென்று திரும்பும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. காசு போட்டுப் போட்டுக் கற்ற வித்தை அது.

வீட்டுக்கு வந்தபோது தொலைந்தது அந்த வித்தைதான்.

அட்டாரி 2600 வெளிவந்தது 1977இல். இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுடவும் பந்தடிக்கவும் ஏற்ற பெட்டி. அதன் படச் சிப்புக்குத் தெரிந்தது இரண்டு ஆட்டக்காரர், இரண்டு தோட்டா, ஒரு பந்து. நினைவகம் 128 பைட். இன்று இணையத்தில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் செலவாகிறது. அந்தக் கணக்கில் பெட்டியின் மொத்த நினைவகத்திலும் 42 எழுத்துக்கு மேல் அடங்காது. முழுப் படத்தையும் சேமித்து வைக்க இடமில்லை. தொலைக்காட்சி ஒவ்வொரு கோடாக வரைய வரைய, அதற்கு ஈடுகொடுத்து நிரலும் ஓட வேண்டும்.

இந்தப் பெட்டிக்கு பேக்-மேனைக் கொண்டுவரும் பொறுப்பு டாட் ஃப்ரை என்ற நிரலாளருக்கு வந்தது. கொடுத்த இடம் 4 கிலோபைட். நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாததால், ஒரு சட்டத்துக்கு ஒரு பேய் என்று முறை வைத்தார். அதாவது, ஒவ்வொரு பேயும் நான்கில் ஒரு பங்கு நேரம்தான் திரையில் இருக்கும். ஏற்றிவைத்த விளக்கு காற்றில் படபடப்பது போல அவை மினுங்கின. நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. புள்ளிகள் சிறு கோடுகளாயின. பக்கவாட்டுச் சுரங்கம் மேலும் கீழுமாக மாறியது. மேலே போகும்போதும் பேக்-மேன் பக்கவாட்டில்தான் பார்த்தது. சத்தம் பற்றி முன்பே சொன்னேன்: அந்தச் சிப்பில் இரண்டே ஒலித்தடங்கள், ஒவ்வொன்றிலும் 32 சுருதிப் படிகள், அவையும் ஸ்வரத்தோடு சரியாகப் பொருந்தாது.

விற்பனை? எழுபது லட்சத்துக்கு மேல்! 1982 ஏப்ரல் 3ஆம் தேதியை அட்டாரி ‘தேசிய பேக்-மேன் தினம்’ என்றே அறிவித்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்தது அப்புறம்தான். அடுத்த ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது பழி சுமந்த விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1981இல் மேக்னவாக்ஸ் பெட்டிக்கு ‘கே.சி. மஞ்ச்கின்’ என்று ஒரு விளையாட்டு வந்தது. அதிலும் புதிர்ப்பாதை, அதிலும் பேய்கள். ஆனால் புள்ளிகள் 12தான். அவையும் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு உரிமையைக் கையில் வைத்திருந்த அட்டாரி வழக்குப் போட்டது. 1982 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அட்டாரி பக்கம் நின்றது. என்னைக் கேட்டால், தடுக்கப்பட்ட விளையாட்டில்தான் சுவை கூடுதல்.

எல்லாப் பழியையும் டாட் ஃப்ரை மேல் போடுவது நியாயமா? 1983இல் அதே அட்டாரி 2600க்கு ‘மிஸ் பேக்-மேன்’ வந்தது. மினுங்கல் வெகுவாகக் குறைந்து, பாதைகளும் பலவாகி, மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அதற்குக் கிடைத்தது 8 கிலோபைட், இரு மடங்கு இடம். பெட்டியால் முடியாததல்ல, முதல் முறை இடத்தில் கஞ்சம் பிடித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ஆர்வலர் ஒருவர் அதே 4 கிலோபைட்டுக்குள் அசலை நெருங்கும் பேக்-மேனைச் செய்து காட்டினார் என்பதும் உண்மை. அவருக்கு ஃப்ரைக்கு இல்லாத ஒன்று இருந்தது: மற்றவர்கள் கால் நூற்றாண்டாகக் கண்டுபிடித்து வைத்த உத்திகள்.

எங்கள் தலைமுறைக்கு பேக்-மேன் வந்தது வேறு வாசல் வழியாக. நாம்கோ 1984இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்குத் தானே ஒரு பதிப்பு செய்தது. தொண்ணூறுகளில் இங்கே வீடு வீடாக இருந்த ‘மைக்ரோ ஜீனியஸ்’ அந்த ஃபேமிகாமின் நகல்தான். நூறு விளையாட்டு என்று அட்டையில் போட்டிருக்கும் கேசட்டில் (கேசட் என்றுதான் சொல்வோம்) பேக்-மேன் எங்காவது ஒளிந்திருக்கும். நான்கு பேய்களும் நான்கு நிறத்தில், மினுங்காமல், இசையோடு வரும். அக்காவும் நானும் கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு ஆடியது அதைத்தான். அசலில் உச்சியில் இருக்கும் புள்ளிக்கணக்கு அதில் ஏன் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

காரணம் எளிது. ஆர்கேட் இயந்திரத்தின் திரை உயரவாக்கில் நிற்பது: அகலம் 224 புள்ளி, உயரம் 288. தொலைக்காட்சியோ படுத்திருப்பது. நிற்கும் வீட்டைப் படுக்க வைத்தால் அறைகளைக் குறுக்கத்தானே வேண்டும்? அட்டாரியும் நாம்கோவும் அவரவர் வழியில் பாதையை வெட்டினார்கள். சுவர் ஒரு கட்டம் நகர்ந்தாலே மனப்பாடம் செய்த வழி பயன்படாது. ஆர்கேட் கடையில் ராஜாவாக இருந்த பையன் வீட்டில் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டது இதனால்தான்.

பின்னர் வந்த பெட்டிகளுக்கு இடப் பஞ்சம் இல்லை. 1995இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த ‘நாம்கோ மியூசியம்’ தொகுப்பில் பாதையும் பேய்களும் சத்தமும் ஏறத்தாழ அசல்படியே இருந்தன. இன்று நாம் கையில் பிடிக்கும் தொலைபேசியும் நின்ற வாக்கில்தான் இருக்கிறது. பாதை எந்தப் பக்கமும் குறுகாமல் அதில் உட்கார்ந்துவிடுகிறது. இல்லாதது நான்கு திசைக்கு ‘டக்’கென்று மடங்கும் அந்தக் குச்சி மட்டும். கண்ணாடியில் விரலைத் தேய்த்துத் திரும்புவதற்குள் பிங்கி முன்னால் வந்து நின்றுவிடுகிறது.