கூலன்ட்டில் எண்ணெய்: கழுவுவதற்கு முன்னும் பின்னும்

பெட்ரோல் பங்கில் காற்று பிடிப்போம், எப்போதாவது டிப்ஸ்டிக்கை உருவி எஞ்சின் ஆயில் பார்ப்போம். கூலன்ட் டேங்க்கை எட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்குக் கிடையாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று எந்த நிறத்தில் இருந்தாலும் அதில் இருக்கும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். (நிறம் வெறும் சாயம்தான். அதை வைத்து இன்ன வகை கூலன்ட் என்று முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) தெளிவு போய்விட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. செங்காவி நிறத்தில் கலங்கலாக இருந்தால் துரு. சாக்லேட் மில்க்‌ஷேக் மாதிரி கெட்டியாக, கையில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய்.

என்னுடைய பதினோரு வருட டீசல் காரில் வந்தது இரண்டாவது வகை. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் டேங்க்கைப் பார்த்த உடனே "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று ஒரு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். காரை விற்றால் கிடைக்கும் தொகையில் கிட்டத்தட்ட பாதி. கையெழுத்துப் போடும் முன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு படித்தேன், சோதித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்வி எப்படிக் கழுவுவது என்பதல்ல, எண்ணெய் எந்த வழியாக வந்தது என்பது. வழியை அடைக்காமல் கழுவினால் அடுத்த வாரம் மறுபடி அதே மில்க்‌ஷேக்.

எஞ்சினுக்குள் எண்ணெயும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்து வழிகளில் ஓடுகின்றன, நடுவில் மெல்லிய சுவர்தான். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் பொதுவாக 3, 4 பார் இருக்கும். கூலன்ட் பக்கம் 1 பார் சுற்றித்தான். ஆகவே சுவரில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது எண்ணெய்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். எஞ்சினை அணைத்ததும் ஆயில் பிரஷர் பூஜ்யம், ஆனால் சூடான கூலன்ட்டில் அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கும். அப்போது கொஞ்சம் தண்ணீர் எண்ணெய்க்குள் போகலாம். கூலன்ட் டேங்க் முழுக்க எண்ணெய், டிப்ஸ்டிக்கில் மட்டும் சுத்தமான ஆயில் என்றால் இந்த அழுத்த வித்தியாசம்தான் காரணம்.

இந்தச் சுவர் முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஹெட் கேஸ்கெட். இன்னொன்று ஆயில் கூலர். பல டீசல் எஞ்சின்களில் ஆயில் ஃபில்டருக்கு அருகிலேயே உள்ளங்கை அளவில் ஒரு அலுமினிய அடுக்குப் பெட்டி இருக்கும். ஒரு தட்டில் எண்ணெய், அடுத்த தட்டில் கூலன்ட் என்று மாறி மாறி ஓடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் மூன்றாவது இடமும் உண்டு. பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது கசிந்தால் டேங்க்கில் இளஞ்சிவப்பு நுரை. கூலன்ட் கியர்பாக்ஸுக்குள்ளும் போகும் என்பதால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ஹெட் கேஸ்கெட்டா, ஆயில் கூலரா? சாஃப்ட்வேரில் பிழை தேடுவது போலத்தான், செலவு குறைந்த சோதனையில் ஆரம்பிக்க வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் டீசலில் 100 பாரைத் தாண்டும். கேஸ்கெட் சிலிண்டர் பக்கம் கிழிந்தால் அந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷத்துக்குள் மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். இன்னும் சூடே ஏறவில்லை, ஆனாலும் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால் சந்தேகம் கேஸ்கெட் மேல்தான். டேங்க்கில் விடாமல் குமிழி வந்தாலும் அப்படியே. இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு. டேங்க்கின் மேலிருக்கும் காற்றை உறிஞ்சி அந்தத் திரவத்தின் வழியாக விடுவார்கள். கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த புரோமோதைமால் புளூதான் அது.

என் வண்டியில் ஹோஸ் இறுகவில்லை, குமிழி இல்லை, நீலம் நீலமாகவே இருந்தது. இதனால் மட்டும் கேஸ்கெட்டை முழுசாக விடுவித்துவிட முடியாது. எண்ணெய் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் மட்டும் அது கிழிந்திருக்கலாம். ஆனால் ஆயில் கூலரைக் கழற்றுவது அரை நாள் வேலை, எஞ்சினை இறக்குவது அப்படியா? எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் கூலரைக் கழற்றினார். தண்ணீர் வாளியில் அதை முக்கி, எண்ணெய் பக்கத்தில் கம்ப்ரெஸர் காற்றைக் கொடுத்தோம். கூலன்ட் துளை வழியாகக் குமிழி குமிழியாக வந்தது. புதுக் கூலரின் விலை, அந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இனி கழுவுதல். பழைய கூலரை மாட்டி வைத்துக்கொண்டே கழுவினோம், புதுசைக் கடைசியில் மாற்றினோம். சேறு புதுக் கூலரின் மெல்லிய வழிகளை அடைத்துவிடக் கூடாதே. ஒரு எச்சரிக்கை: சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேலும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டர் அடியிலுள்ள பிளக்கைத் திறந்தால் முழுவதும் வடியும் என்று பலர் நினைக்கிறோம். வடியாது. எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் பாதி தங்கிவிடும். மொத்தம் 6 லிட்டர், அதில் 3 லிட்டர்தான் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் ஊற்றி, ஓட்டி, வடித்தால் ஒவ்வொரு முறையும் பழசு பாதியாகும்: 50, 25, 12.5, 6, 3 சதவீதம். ஐந்து சுற்றில் 97 சதவீதம் போய்விட்டது. கணக்கு அழகாக இருக்கிறது, இல்லையா?

தண்ணீரில் கரைந்த பொருளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. எண்ணெய் கரையாது. சுவரில் ஒட்டும், மேலே மிதக்கும், மூலையில் தங்கும். நான்காவது சுற்றில் மெக்கானிக் அண்ணன் "சார், தண்ணி தெளிவா வருது பாருங்க, போதும்" என்றார். "அண்ணே, ஒரு வெள்ளைத் துணி குடுங்க" என்று வாங்கி ஹோஸின் உள்பக்கத்தைத் துடைத்துக் காட்டினேன். காபி டிகாக்‌ஷன் நிறம். அழுக்கு தண்ணீரில் இல்லை, சுவரில் இருக்கிறது. வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருப்பது சுவர் சுத்தமாக இருப்பதற்குச் சாட்சி இல்லை.

இந்தக் கலவை இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு எஞ்சின் ஆயிலே ஒரு காரணம். கரித்துகளை மிதக்க வைத்திருப்பதற்காக அந்த ஆயிலிலேயே சோப்பு மாதிரியான பொருள்களைச் சேர்க்கிறார்கள். வாட்டர் பம்ப் அதைத் தண்ணீரோடு சேர்த்து மிக்ஸி மாதிரி அடிக்கிறது. மயோனைஸ் செய்யும் முறையும் இதுதான்.

ஆகவே வெறும் தண்ணீர் போதாது, எண்ணெயை எடுக்கும் காரத் தன்மையுள்ள கிளீனர் வேண்டும். கடையில் ரேடியேட்டர் ஃப்ளஷ் என்று கேட்டால் பெரும்பாலும் துருவுக்கானதைத்தான் தருவார்கள், லேபிளைப் படித்து எண்ணெய்க்கானதா என்று பாருங்கள். சிலர் பாத்திரம் கழுவும் மெஷினுக்கான பவுடரைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நுரை குறைவு என்பதால் அது ஓரளவு புரிகிறது. சிங்க்கில் பயன்படுத்தும் பாத்திர லிக்விட் மட்டும் வேண்டவே வேண்டாம். நுரை பம்பில் சிக்கினால் தண்ணீர் ஓடாது, நுரை வெப்பத்தைக் கடத்தவும் செய்யாது, எஞ்சின் காய்ந்துவிடும். காரம் எதுவானாலும் அலுமினியத்தை அரிக்கும். ராத்திரி முழுக்க ஊற வைக்கும் பொருள் அல்ல.

நாங்கள் செய்த முறை இது. டேங்க்கைத் தனியாகக் கழற்றிக் கழுவினோம். மிதக்கும் சேற்றில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. தெர்மோஸ்டாட்டையும் கழற்றினோம். அது 82 முதல் 90 டிகிரி சுற்றி வந்தால்தான் திறக்கும், அதுவரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் போகாது. ஏசி குமிழை முழு ஹீட்டருக்குத் திருப்பினோம். நம்ம ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கத்தான் செய்கிறது. சில வண்டிகளில் வால்வு மூடியிருந்தால் அதற்குள் இருக்கும் சேறு அப்படியே தங்கி, பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். கிளீனர் கலந்து இருபது நிமிஷம் ஓட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் வடித்தோம். இப்படி மூன்று முறை. பிறகு அலசல். வடித்த தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் குலுக்கினால் நுரை வரக் கூடாது, ஹோஸில் துணி வெள்ளையாக வர வேண்டும். இரண்டும் நடக்க ஆறு அலசல் ஆனது.

துரு என்றால் கதை வேறு. அதற்கு அமிலம் வேண்டும், காரம் அல்ல. சிட்ரிக் அமிலம் போதும், கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். நீர்த்த கரைசலாகப் போட்டு ஓட்டி, உடனே நன்றாக அலச வேண்டும். எண்ணெய், துரு இரண்டும் இருந்தால் முதலில் எண்ணெயை எடுங்கள். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இருக்கும் துருவை அமிலம் தொடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், கழுவிய பலனே இல்லை. டாய்லெட் ஆசிட் ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள், அலுமினிய ரேடியேட்டர் அதைத் தாங்காது. பழைய ரேடியேட்டரில் துருவே சில ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கும். கழுவிய பிறகு ஒழுகினால் அது கழுவியதால் வந்த ஓட்டை அல்ல.

அந்தக் காலத்து அம்பாசடரில் குழாய்த் தண்ணிதானே ஊற்றினோம் என்று கேட்பீர்கள். அது வார்ப்பிரும்பு எஞ்சின், செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர். அடைத்தால் ரேடியேட்டர் கடைக்காரர் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். இன்றைய ரேடியேட்டர் மெல்லிய அலுமினியம், பக்கத் தொட்டி பிளாஸ்டிக். போர் தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக் குழி குழியாக அரிக்கும். டிடிஎஸ் 1000 உள்ள தண்ணீர் 6 லிட்டரில் 6 கிராம் உப்பு. ஆவியாகிக் குறைய, மேலே ஊற்ற ஊற்ற, உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். அலசலின் நடுச் சுற்றுகளுக்குக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. கடைசி மூன்று சுற்றுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். பாதிப் பாதியாகக் குறைந்து 1000 என்பது 125 ஆகும், கூலன்ட் ஊற்றியதும் அதிலும் பாதி.

நிரப்பும்போதும் அதே பாதிக் கணக்கு வரும். உள்ளே ஏற்கெனவே 3 லிட்டர் வெறும் தண்ணீர் தங்கியிருக்கிறது. அதன் மேல் 50:50 கலந்து வரும் ரெடிமேட் கூலன்ட்டை ஊற்றினால் கிடைப்பது 25 சதவீதக் கலவைதான். தண்ணீர் கலக்காத கூலன்ட்டை 3 லிட்டர் ஊற்றினால்தான் சரிபாதி வரும். நம்ம ஊரில் உறைபனி இல்லையே, அது எதற்கு என்றால், அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் எல்லாம் கூலன்ட்டோடுதான் வருகிறது. கொதிநிலை கூடுவதும் ஒரு லாபம்.

ஹோஸ்களை எல்லாம் மாற்றினேன். கூலன்ட் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். சுடுதண்ணீரையும் கிளைகாலையும் வருஷக்கணக்கில் தாங்கும், எஞ்சின் எண்ணெய் பட்டால் மட்டும் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்வாங்கும் ஹோஸை விட்டுவைத்தால், நெடுஞ்சாலையில் ஒருநாள் வெடிக்கும். ரேடியேட்டர் மூடியிலும் ரப்பர் வளையம் இருக்கிறது, அதையும் மாற்றுங்கள்.

கடைசியாகக் காற்று. காலியான சிஸ்டத்தை நிரப்பும்போது எங்காவது காற்று சிக்கும். டெம்பரேச்சர் சென்ஸார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் முள் தப்பாகக் காட்டும், எஞ்சின் உள்ளே காய்வது டாஷ்போர்டில் தெரியாது. பிளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, குமிழி நின்று திரவம் மட்டும் வரும் வரை விட வேண்டும். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் வைத்து, ஆறிய பிறகு அளவு பார்க்க வேண்டும். எனக்கு மறுநாள் அரை லிட்டர் பிடித்தது, அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லை. முதல் 500 கிலோமீட்டருக்கு டேங்க்கின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வந்தது. டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தேன். வரவரக் குறைந்தால் அது பழைய மிச்சம், கூடினால் புதுக் கசிவு. எனக்குக் குறைந்து, பிறகு நின்றுவிட்டது.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவோரக் கால்வாயில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய் நக்கிக் குடிக்கும். சிறு அளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. எங்கள் முதல் வடிப்பு 3 லிட்டரும் கிளீனர் சுற்றுத் தண்ணீரும் இரண்டு பழைய ஆயில் கேன்களில் பிடித்தது. மேலே மார்க்கரில் விஷம் என்று எழுதி, பழைய ஆயில் எடுக்க ஆள் வரும் கராஜில் சேர்த்தோம்.