பொட்டலம் காலியாகும் வேகம்

அப்பாவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அதனால் எனக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவியான நான் உணவைப் பற்றித் தேடிப் படிக்க அதுவே காரணம்.

என்னை யோசிக்க வைத்தது 2019ல் அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வு. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு. அதே 20 பேருக்கு இன்னோர் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. அதை வேகமாகவும் சாப்பிட்டார்களாம். கொய்யாவை மென்று முடிக்க நேரம் பிடிக்கும். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் காலியாவதே தெரியாது!

சமைக்க நேரமேது என்பீர்கள். எனக்கும் இல்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். கல்லூரி உணவங்காடியில் சோற்றுக்கு இரண்டு காய்கறி, ஒரு முட்டை கேட்டாலே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். பொட்டலத்தில் வருவதெல்லாம் கெடுதல் என்றும் இல்லை. உறையவைத்த பட்டாணி பட்டாணிதான்.

தேர்வுக் காலத்தில்தான் சிக்கல். இரவு 11 மணிக்கு உடனடி நூடல்ஸ் கூப்பிடும். அதற்காகவே அவித்த கொண்டைக்கடலை ஒரு டப்பா வைத்திருக்கிறேன். பாதியை அப்பா எடுத்துக்கொள்கிறார்.